கீரைப் பாத்தி எழுந்து போன காலை

வரைபட வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் நாலைந்து பேர் போன மாதம் என்னைப் பார்க்கச் செம்பூர் வீட்டுக்கு வந்தீர்கள். மடியில் வைத்துக்கொள்கிற கம்ப்யூட்டரைத் திறந்து, செயற்கைக்கோள் எடுத்த தாராவியைக் காட்டினீர்கள். விரலால் தொட்டால் கூரை பெரிதாகிறது. இன்னும் தொட்டால் கூரைமேல் காய்கிற புடவை தெரிகிறது. கிழவி வாயைப் பிளப்பாள் என்று எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இது என்னிக்கு எடுத்த படம்?" ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒரு பெண் மட்டும், "லேட்டஸ்ட்தான் மாமி" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்த பிள்ளைகளைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்று விழுங்கியதை இன்று எழுதுகிறேன்.

இதில் என் பெருமை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அந்த ஆபீஸில் என்னோடு வேலை பார்த்தவர்களில் யாரும் இப்போது இல்லை, என்னைப் பற்றி நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. பம்பாய் நகரத்தின் எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று வரைபடம் போடுகிற அரசாங்க ஆபீஸ் எங்களுடையது. விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் கட்டுக்கட்டாக வரும். அடுத்தடுத்த இரண்டு படங்களை மேஜைமேல் வைத்து, இரட்டைக் கண்ணாடிக் கருவி வழியாகப் பார்த்தால் கட்டடங்கள் பொம்மை வீடுபோல எழுந்து நிற்கும். பார்த்து, இது வீடு, இது பட்டறை, இது தோட்டம் என்று பிரித்து வண்ணம் அடிக்க வேண்டும். வீட்டுக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா, தோட்டத்துக்குப் பச்சை. காலி நிலத்துக்கு வண்ணம் கிடையாது, வெள்ளையாகவே விட்டுவிடுவோம். அந்த வேலையில் அப்போது நான் ஒருத்திதான் பெண். அதுவும் தற்காலிக நியமனம். ஆபீஸ் தலைவரை சாஹேப் என்போம், அவர் நினைத்தால் மறுநாளே மாட்டுங்காவில் அம்மாவோடு உட்கார்ந்து அப்பளம் இட்டுக்கொண்டிருக்கலாம்.

எனக்கு மேலே இருந்தவர் சேஷாத்ரி சார். அவரும் மாட்டுங்காக்காரர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கெட்டிக்காரர். நாங்கள் ஒரு தாளைப் பார்க்கிற நேரத்தில் அவர் மூன்று தாளை முடித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். தன் வேகத்தில் அவருக்கு அபார நம்பிக்கை, எங்களுக்கும்தான்.

அந்த வருஷம் தாராவிப் படங்கள் வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மழைக்காலம் முடிந்ததிலிருந்து விமானக் கோஷ்டி காத்துக்கொண்டிருந்தது. மேகம் விலகினால் புகை. ஆலைப் புகை, சூளைப் புகை, பட்டறைப் புகை எல்லாம் சேர்ந்து தாராவிக்கு மேலே ஒரு போர்வை. ஒரு நாள் காலை எழுந்து பார்த்தார்களாம், வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்ததாம். உடனே ஏறிப் பறந்து எடுத்துவிட்டார்கள். படங்கள் வந்தபோது ஆபீஸே மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டது. அப்படி ஒரு தெளிவு. கூரை ஓட்டை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. சேஷாத்ரி சார் எல்லாவற்றையும் ஓரம் கத்தரித்து ஒரே பலகையில் ஒட்டி, ஒரு வாரத்துக்குள் வண்ணம் தீட்டி முடித்துவிட்டார். நேரில் போய்ச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். இவ்வளவு தெளிவான படத்துக்கு அது எதற்கு என்று அந்தத் தடவை அவர் விட்டுவிட்டார்.

அவர் தாளில் கழிமுகத்தை ஒட்டி ஒரு நீளமான இடம் வெள்ளையாக நின்றது. சுத்தமான, வெறும் தரை. மேலிருந்தவர்கள் கண்ணில் அது உடனே பட்டுவிட்டது. லாரி டிப்போவுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள், இதோ கிடைத்துவிட்டது. வெள்ளை என்றால் யாருக்கும் நோட்டீஸ் தர வேண்டாம், மாற்று இடம் தர வேண்டாம், வேலி போட்டு எடுத்துக்கொள்ளலாம். ஊதா என்றால் அங்கே தொழில் செய்கிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்டாக வேண்டும். அடுத்த வாரக் கமிட்டியில் வெள்ளை உறுதியாக இருந்தது. தாளைச் சும்மா ஒரு முறை பார்த்து, சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டியதுதான் எனக்கு வந்த வேலை.

பேனாவை எடுத்தேன், போட முடியவில்லை. அந்தப் படத்தில் ஏதோ ஒன்று குறைந்தது. எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் ரயில் பாதைப் பக்கம். மேற்கே இருந்து காற்று அடித்தால் தோல் வாடை வரும், அம்மா படாரென்று ஜன்னலைச் சாத்துவாள். கொடியில் காயும் வேஷ்டியில் கரி படியும். பிறந்ததிலிருந்து நான் பார்த்த தாராவி அது. இந்தப் படத்தில் ஒரு புகைபோக்கியில்கூடப் புகை இல்லை.

சேஷாத்ரி சாரிடம் போய்ச் சொன்னேன்.

"ஏன் அலமு, படம் நன்னா வந்தாக்கூட உனக்குக் குறையா?" என்றார். "புகை இல்லாததுனாலதானே எடுக்கவே முடிஞ்சது."

"அதான் சார். ஏன் இல்லேன்னு யோசிக்கறேன்."

"காத்து அடிச்சிருக்கும். கையெழுத்தைப் போட்டுட்டு டீ சாப்பிடப் போ."

நான் டீ சாப்பிடப் போகவில்லை. படங்கள் வைக்கும் அறைக்குப் போய், கத்தரிக்காத முழுப் படங்களை வாங்கிக்கொண்டு வந்தேன். விமானம் நேர்கோட்டில் போய், திரும்பி, பக்கத்து நேர்கோட்டில் வரும். அதனால் ஓரத்தில் இருக்கிற இடங்கள் இரண்டு தடவை, இரண்டு வெவ்வேறு நேரத்தில் பதிவாகும். ஒட்டுப் பலகையில் ஒரு தடவைதான் தெரியும், இன்னொன்று அடியில் போய்விடும். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

மாஹிம் பக்கம் ஒரு மைதானம். அதை சேஷாத்ரி சார் பச்சை அடித்து, கீரைத் தோட்டம் என்று எழுதியிருந்தார். அவர் மேல் தப்பில்லை, சீப்பால் வாரிவிட்ட மாதிரி நெருக்கமான வரிசைகள், சாட்சாத் கீரைப் பாத்தி. ரயில் பாதை ஓரமெல்லாம் அப்போது கீரைதான் போட்டிருப்பார்கள். முதல் படத்தில் பாத்தி இருந்தது. விமானம் திரும்பி வந்து எடுத்த இரண்டாவது படத்தில் மைதானம் மொட்டையாகக் கிடந்தது. ஒரு வரிசைகூட இல்லை. சுற்றியிருந்த தெருக்களில் மட்டும் எள்ளை இறைத்த மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது.

படத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கடிகாரமும் தேதியும் சேர்ந்து பதிவாகியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் அரை மணிக்குக் கொஞ்சம் கூடுதல். தேதியைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்துவிட்டது, ஏனென்றால் அன்று எங்கள் ஆபீஸுக்கும் லீவு. ரம்ஜான் பெருநாள். நான் வீட்டில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த காலையில் விமானம் பறந்திருக்கிறது. ஊரே வேலையை நிறுத்தியதால் வானம் தெளிந்திருக்கிறது, வானம் தெளிந்ததால் படம் எடுத்திருக்கிறார்கள், எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இங்கே வேலையே நடக்கவில்லை என்று நாங்கள் எழுதியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வெள்ளை இடத்தை மறுபடி பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

மறுநாள் ஆபீஸுக்குப் போகாமல் நேரே தாளோடு தாராவிக்குப் போனேன். மாட்டுங்காவிலிருந்து தண்டவாளத்தைத் தாண்டினால் நடந்தே போய்விடலாம், ஆனால் எங்கள் தெருவில் யாரும் போனதில்லை. கழிமுகம் வரை வழி கேட்டுக் கேட்டுப் போனேன். என் தாளில் வெள்ளையாக இருந்த இடத்தில் கால் வைக்கவே இடம் இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஆட்டுத்தோலை விரித்து, சுற்றிலும் முளைக்குச்சி அடித்துக் காயப்போட்டிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாகக் குனிந்து திருப்பிக்கொண்டிருந்தார்கள். என் புடவையையும் கையிலிருந்த சுருளையும் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

இடுப்பில் கை வைத்தபடி ஒரு பெண் வந்தாள். பேச்சியம்மா என்று பெயர், அங்கே வேலை செய்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி.

"என்னத்தத் தேடுதிய? அளக்க வந்தியளா?"

"அளக்க வரல. பாக்க வந்தேன்."

"பாக்க வந்தவுகதான் பெறவு அளக்க வருவாக" என்றாள்.

பட்டறைக்காரர் மீரான் பாய் அதற்குள் வந்துவிட்டார். பேச்சியம்மாவைப் போல அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான். "உள்ள வாங்கம்மா. வாடைக்கு மூக்க மூடிக்கிடணும்னா மூடிக்கிடுங்க, நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்" என்றார். நான் மூடவில்லை. அதில் எனக்கு ஒரு வீறாப்பு.

தாளை விரித்து, வெள்ளையும் ஊதாவும் என்னவென்று சொன்னேன். பெருநாளன்று இந்த முற்றம் எப்படி இருந்தது என்று கேட்டேன். மீரான் பாய் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத நாளே தோல எல்லாம் எடுத்து உள்ள அடுக்கிருவோம். முளைய எல்லாம் புடுங்கி, முத்தத்தத் தூத்து, தண்ணி தெளிச்சு வச்சிருவோம். பெருநாளைக்கு எல்லாரும் தொழுகைக்குப் போயிட்டு வந்து இங்கதான் பந்தி. எங்காளுகளும் சரி, இவுகளும் சரி, ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடுவோம். வருசத்துல அந்த ஒரு நாளுதான் முத்தம் காலியா இருக்கும்."

"அந்த நாளாப் பாத்தா மேல இருந்து படம் புடிச்சாக?" என்றாள் பேச்சியம்மா. பிறகு என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள். "முத்தம் போச்சுன்னா தோல எங்க காய வைக்க? ரெண்டே நாள்ல அழுகிரும். தோலு அழுகுச்சுன்னா நாங்க பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். அங்க இருந்தா பொழைக்க வழி இருந்துச்சு? இல்லாமத்தான இங்க வந்தோம்."

நான் தாளைச் சுருட்டிக்கொண்டேன். பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க நான் யார்?

மறுநாள் ஆபீஸில் சேஷாத்ரி சார் என் மேஜைக்கே வந்து நின்றார். நான் எங்கே போனேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "என் தாளைத் தப்புங்கறயா?" என்றார்.

"தாள் தப்பில்லை சார். நாள் தப்பு."

"கமிட்டிக்கு ப்ளான் போட்டாச்சு. இப்பப் போய் தோலு, பெருநாள்னா சிரிப்பா."

"மாஹிம் மைதானத்துல கீரைன்னு போட்டிருக்கேளே, அது அரை மணி கழிச்சு அங்க இல்லை. கீரை எழுந்து நடந்து போகுமா சார்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. அன்று சாயங்காலம் கோயில் வாசலில் என் அம்மாவைப் பார்த்து, பெண்ணுக்குப் புத்தி சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா ஆரம்பித்தாள். "வாயை வச்சிண்டு சும்மா இரேண்டி. பர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் யாரோட வேணா சண்டை போடு. தோல் காயப்போடற இடத்துக்கும் நமக்கும் என்னடி சம்பந்தம்?" நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சம்பந்தம் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் பெயர் இருந்தது.

எங்கள் சாஹேப் மராட்டிக்காரர், ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசுவார். படங்களைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். கேட்டார், கருவியில் பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார். தட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். "நீ சொல்வது சரியாக இருக்கலாம். நான் கமிட்டியில் இதைச் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டுமானால் நீ வந்து சொல். எடுபடவில்லை என்றால் உன் நியமனத்தைப் பற்றி என்னிடம் கேட்காதே" என்றார். கோபமாக வந்தது. இப்போது யோசித்தால், கமிட்டிக்குள் வர அனுமதித்தாரே, அதுவே அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்.

கமிட்டி அறையில் நீள மேஜை. தலைவர் ஒரு பெரிய இஞ்சினீயர், டிப்போ அவருடைய ஆசை. நான் இரட்டைக் கண்ணாடிக் கருவியைத் தூக்கிக்கொண்டு போனேன். சேஷாத்ரி சார் சுவர் ஓரமாக உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருவியை மேஜைமேல் வைத்தேன். நான் தோலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. எதிரில் இருக்கிறவர் தீர்மானித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, அவர் தீர்மானித்த விஷயத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. அவருக்கு அக்கறை இல்லாத ஒரு மூலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மைதானத்தின் முதல் படங்களை வைத்து, பாருங்கள் என்றேன். தலைவர் குனிந்து பார்த்தார். "காய்கறித் தோட்டம்" என்றார். இரண்டாவது படங்களை வைத்தேன். "காலி இடம்" என்றார்.

"இரண்டும் ஒரே இடம், ஒரே காலை. கடிகாரத்தைப் பாருங்கள். நடுவில் யார் அறுவடை செய்தது?"

அவர் ஓரத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார், மறுபடியும் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறுப்பினர் ஒருவர், தலை நரைத்த முஸ்லிம் அதிகாரி, அதுவரை வாயே திறக்காதவர், கருவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வெகு நேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, ஓரத்தில் இருந்த தேதியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து தலைவரிடம் மெதுவாகச் சொன்னார்.

"இந்தக் கீரையில் ஒன்று நான்தான்."

 அவர் தொடர்ந்து சொன்னார். அன்று காலை மாஹிமில் தொழுகைக்கு நின்றதையும், தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டுப் பின்வரிசைக் குழந்தைகள் அண்ணாந்ததையும் சொன்னார். அவர் முடித்த பிறகுதான் நான் வெள்ளை இடத்தின் படத்தை எடுத்து வைத்தேன். ஊர் முழுக்க வேலை நிறுத்திய காலையில் எடுத்த படம் இது, இந்த வெறும் தரை மற்ற நாட்களில் எப்படி இருக்கிறது என்று நான் நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்றேன். பேச்சியம்மா சொன்னதையும் சொன்னேன், தோல் அழுகினால் ரயிலேற வேண்டியதுதான் என்று.

"நேரில் யார் சரிபார்த்தது?" என்று தலைவர் சாஹேபைக் கேட்டார்.

சாஹேப் என்னைக் காட்டினார். "இந்தப் பெண் மட்டும்தான்."

டிப்போ வேறு பக்கம் போயிற்று. தாள் திரும்பி வந்தது. ஊதா வண்ணக் குச்சியை நான் எடுத்தபோது சேஷாத்ரி சார் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "என் தாள், நானே அடிக்கறேன்" என்றார். கோடு தாண்டாமல், அழுத்தி, அழகாக அடித்தார். அதன் பிறகு பச்சை அடிக்கிற தாள் எது வந்தாலும் ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அலமு, இது கீரைதானே? ஓடிப்போயிடாதே?" என்று கேட்பார். ரிட்டயராகிற வரைக்கும் கேட்டார். எனக்கு பர்மனென்ட் ஆர்டர் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது.

அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் எத்தனையோ பார்த்துவிட்டேன். மான்குர்தில் சதுப்பு நிலத்தை, குர்லாவில் பட்டறை வரிசையை, எத்தனையோ வார்டுகளை வண்ணம் பிரித்திருக்கிறேன். இரண்டு பதவி உயர்வும் ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தன. அவை எங்கே இருக்கின்றன என்றுகூடத் தெரியாது. மங்கலான படம் வந்தால் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள், ஆளை ஏமாற்றுவது நல்ல படம்தான். உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது ரொம்ப ரொம்ப நல்ல படம். அதனால்தான் என்றைக்கு எடுத்தது என்று கேட்டேன்.

அடுத்த பெருநாளுக்கு மீரான் பாய் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அம்மா ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு டப்பாவில் மைசூர்பாகு போட்டுக் கொடுத்தாள். நான் போனபோது தொழுகைக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. முற்றத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தோல் இல்லை, ஒரு முளை இல்லை. படத்தில் பார்த்தது அச்சாக அப்படியே இருந்தது. நான் நடுவில் போய் நின்றேன். தரை ஈரமாக இருந்தது. எனக்கென்று தனியாகப் பாயசம் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே பேச்சியம்மா புதுச் சேலையில் வந்து பக்கத்தில் நின்றாள்.

"மேல இருந்து பாத்தா இன்னைக்கும் காலியாத்தான் தெரியும், என்னம்மா?"

"ஆமா. காலியாத்தான் தெரியும்."

அவள் வானத்தைப் பார்த்தாள். பிறகு பெருக்கி வைத்த தரையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அப்ப என்ன கலர் அடிப்பிய?"

"ஊதா" என்றேன்.